பொங்கலுக்கு ஊருக்குப் போன பத்து நாளில் பானெட்டில் எச்சத் தழும்பு: போகுமா?

கடலோரக்காற்று
ஞாயிறு, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். பொங்கலுக்குத் தென்காசிக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டேன். கார் சென்னையில், அடையாற்றில், எங்கள் குடியிருப்பின் வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றது. கறுப்பு நிறம். வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆலையில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கிறது. இதுவரை எங்கும் டச்சப் செய்ததில்லை.

நேற்றுத் திரும்பி வந்து பார்த்தால் காரின் கூரையில் பறவை எச்சம், சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது. பானெட்டில் மட்டும் எச்சம் இல்லை. காலையில் வண்டி துடைக்க வருபவர் நான் இல்லாத நாளிலும் வந்து, காய்ந்து கிடந்ததைத் துணியால் தேய்த்து எடுத்திருக்கிறார். எச்சம் போய்விட்டது, அடையாளம் போகவில்லை. ஏழு இடங்களில் தழும்பு. நேராகப் பார்த்தால் தெரிவதில்லை. மாலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொன்றுக்கும் கரை கட்டியதுபோல் விளிம்பு தெரிகிறது. நடுவில் பளபளப்பு செத்துப்போய் இருக்கிறது. இரண்டு இடங்களில் நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. சுற்றிலும் மயிரிழைக் கீறல்கள் வேறு.

இவை போகுமா? இனி வராமலிருக்க என்ன செய்யலாம்? நிறுத்த வேறு இடம் எனக்கு இல்லை. மரத்தடிதான்.


பழையமுறை
ஞாயிறு, இரவு 9.50

கொஞ்சம் மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து பழைய பனியன் துணியில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். எங்கள் தந்தை காலத்து அம்பாசிடரை அப்படித்தான் வைத்திருந்தோம். முகம் பார்க்கலாம்போல் இருக்கும்.


கோவைமெருகு
ஞாயிறு, இரவு 10.35

பழையமுறை ஐயா, மன்னிக்க வேண்டும், அதைச் செய்ய வேண்டாம். எண்ணெய் பள்ளத்தை நிரப்பிக்கொள்வதால் இரண்டு நாள் தழும்பு மறைந்ததுபோல் தெரியும். பிறகு அந்த எண்ணெயிலேயே தூசி ஒட்டும். அடுத்த முறை துடைக்கும்போது அந்தத் தூசியே உப்புத்தாளாக வேலை செய்யும். அந்தக் கால வண்டிகளில் நிறப் பூச்சுதான் மேல் அடுக்கு. தேய்த்தால் துணியில் நிறமே வரும். அடியில் புதிய பளபளப்பு கிடைக்கும். இப்போதைய வண்டிகளில் நிறத்தின் மேல் நிறமற்ற கிளியர் கோட் இருக்கிறது. தழும்பு விழுவது அதில்தான்.

கோவையில் 11 ஆண்டுகளாக மெருகு போடும் பட்டறை வைத்திருக்கிறேன். கடலோரக்காற்று, உங்கள் ஏழில் நகம் தட்டாத ஐந்தும் பெரும்பாலும் போய்விடும். நகம் தட்டும் இரண்டைப் பற்றி நேரில் பார்க்காமல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

முதல் வேலை கூரையில் இன்னும் கிடப்பதை ஒழுங்காக எடுப்பது. அதைத் தேய்த்துவிடாதீர்கள். பழைய பருத்தித் துண்டை நன்றாக நனைத்து அதன் மேல் போர்த்தி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். துண்டு காய்ந்தால் மறுபடி தண்ணீர் தெளியுங்கள். ஊறியபின் துண்டாலேயே அள்ளி எடுங்கள். மிச்சம் இருந்தால் மறுபடி ஊற வையுங்கள். மூன்று முறை ஊற வைக்க நேர்ந்தாலும் பரவாயில்லை, ஒரு முறைகூட அழுத்தித் தேய்க்க வேண்டாம். எச்சத்துக்குள் மணல் இருக்கும், விதை இருக்கும், பூச்சியின் ஓடு இருக்கும். உங்கள் மயிரிழைக் கீறல்கள் அப்படி வந்தவைதான்.


ஓய்வுபெற்ற வேதியியலர்
திங்கள், காலை 6.20

வாகனப் பூச்சு ஆலையின் சோதனைக்கூடத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் "எச்சத்தில் அமிலம் இருக்கிறது, அது அரிக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி பாதிதான் சரி. மீதியைத் தெரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும், எது வீண் என்பது தானாக விளங்கும்; அதனால் சற்று நீட்டி எழுதுகிறேன்.

பறவைகள் சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. தண்ணீரை மிச்சப்படுத்துவதற்காகக் கழிவு நைட்ரஜனை யூரிக் அமிலமாக மாற்றி, மலத்தோடு சேர்த்து ஒரே வழியில் வெளியேற்றுகின்றன. நாம் பார்க்கும் வெள்ளைப் பசை அந்த யூரிக் அமிலம். நடுவில் இருக்கும் கரும்பச்சைப் பகுதிதான் மலம். யூரிக் அமிலம் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு: 100 மில்லிலிட்டரில் சுமார் 6 மில்லிகிராம். எலுமிச்சைச் சாற்றைப் போல ஓடிப் பரவி அரிக்கும் அமிலம் இல்லை இது. லேசான மழையில் எச்சம் கழுவிப் போகாமல் ஒட்டிக்கொண்டே நிற்பதற்கும் இதுதான் காரணம்.

மலப் பகுதியில் செரிமான நொதிகள் இருக்கின்றன. 2009ஐ ஒட்டி ஈரானியப் பூச்சு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். எச்சத்துக்குப் பதிலாகக் கணைய நொதிகளின் கலவையான பான்கிரியாட்டினைக் கிளியர் கோட்டின் மேல் வைத்தபோதும் எச்சம் விட்டதைப் போன்ற தழும்புகள் விழுந்தன. நொதிகள் கிளியர் கோட்டில் இருக்கும் பிசினின் பிணைப்புகளை நீரின் துணையோடு உடைக்கின்றன என்பது அவர்கள் கண்டது. நொதியின் வேலைக்கு ஈரமும் கதகதப்பும் வேண்டும். நம் ஊர்க் காலை வேளை அதற்கு ஏற்றதாகவே அமைந்துவிடுகிறது.

இன்னொரு விளக்கத்தை பிரிட்டனின் கார் பராமரிப்புப் பொருள் நிறுவனமான ஆட்டோகிளிம் முன்வைத்தது. வெயிலில் கிளியர் கோட் சூடாகி இளகி விரிகிறது. அதே நேரத்தில் மேலே கிடக்கும் எச்சம் காய்ந்து இறுகுகிறது. மாலையில் பூச்சு குளிர்ந்து சுருங்கும்போது இறுகிய எச்சத்தின் மேடு பள்ளங்களை அச்சு எடுத்ததுபோல் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. பளபளப்பு மங்குவது அந்த அச்சினால்தான் என்பது அந்த விளக்கம்.

என் அனுபவத்தில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. ஆழமில்லாத தழும்புகள் பல அச்சு வகை. கரை கட்டி நிற்பவற்றில் பிசினே சிதைந்திருக்கும். எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் குற்றவாளிகள் வெப்பமும் நேரமும்தான். உச்சி வெயிலில் கறுப்பு பானெட் 70 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். அங்கே நான்கு மணி நேரம் கிடக்கும் எச்சமும் நிழலில் நான்கு மணி நேரம் கிடக்கும் எச்சமும் ஒன்றல்ல. பத்து நாள் என்றால், கடலோரக்காற்று, பத்து முறை சூடேறிப் பத்து முறை குளிர்ந்திருக்கிறது.

அடுக்குகளின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இரும்புத் தகட்டின் மேல் துருத்தடுப்பு அடுக்கு சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிரைமர் 30, நிறம் 15, கிளியர் கோட் 40 அல்லது அதற்குச் சற்று மேல். எல்லாம் சேர்த்து 100 முதல் 130 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நீங்கள் காப்பாற்ற நினைக்கும் பளபளப்பு முழுவதும் ஒரு முடியைவிட மெல்லிய படலத்தில் இருக்கிறது.


கடலோரக்காற்று
திங்கள், காலை 7.45

ஐயா, மிக்க நன்றி. இரண்டு முறை படித்தேன். கூரையை இன்று அதிகாலையிலேயே துண்டு போர்த்தி எடுத்துவிட்டேன். நான்கு முறை ஊற வைக்க வேண்டியிருந்தது. கூரையிலும் தழும்புகள் இருக்கின்றன, ஆனால் பானெட்டைப் போல் கீறல்கள் இல்லை.

அமிலம் என்றால் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினால் முறிந்துவிடாதா?


ஓய்வுபெற்ற வேதியியலர்
திங்கள், காலை 8.10

புதிய எச்சத்தை ஊற வைக்கும் தண்ணீரில் சிட்டிகை சோடா கலந்தால் தவறில்லை. யூரிக் அமிலம் காரத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கரையும். முழுதும் கரைந்திருக்க வேண்டும், கரையாத தூள் கீறும். விழுந்துவிட்ட தழும்பை அது ஒன்றும் செய்யாது. உடைந்த பிணைப்பை ஒட்ட வைக்கும் பொருள் எந்தச் சமையலறையிலும் இல்லை. பற்பசை, வினிகர், கோலா என்று பலரும் சொல்வார்கள். பற்பசை கண்மூடித்தனமாகத் தேய்க்கும் தேய்ப்பான். மற்ற இரண்டும் அமிலங்கள். இருக்கும் சுமையைக் கூட்டுபவை.


வாடகைவண்டி மதுரை
திங்கள், இரவு 11.05

இப்போதுதான் சவாரி முடித்து வந்தேன். 19 ஆண்டுகளாக வாடகை வண்டி ஓட்டுகிறேன். மாட்டுத்தாவணியில் ஆட்களுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் வேப்பமரத்தடிதான். நிழலில் நிறுத்தினால் எச்சம். வெயிலில் நிறுத்தினால் உள்ளே உட்கார முடியாது. அதனால் இதில் எனக்கென்று ஒரு பழக்கம் உண்டு.

ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், மூடியில் சிறு துளை போட்டது. கூடவே பிளாஸ்டிக் பையில் இரண்டு மைக்ரோஃபைபர் துணி. எச்சம் விழுந்ததைப் பார்த்தால் இருந்த இடத்திலேயே தண்ணீர் பீய்ச்சி நனைப்பேன். முதல் துணியை ஈரமாக அதன் மேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவேன். திரும்பி வரும்போது ஊறியிருக்கும். துணியின் ஓரங்களைக் கூட்டிப் பிடித்துக் கிள்ளி எடுப்பதுபோல் எடுத்துவிட்டு, மறுபடி தண்ணீர் விட்டு, இரண்டாவது துணியால் ஒற்றி எடுப்பேன். மொத்தச் செலவு அரை லிட்டர் தண்ணீர்.

பானெட் கொதிக்கும்போது மட்டும் உடனே குளிர்ந்த தண்ணீரைக் கொட்ட மாட்டேன். வண்டியை நிழலுக்குத் தள்ளிவிட்டு, கை வைத்தால் பொறுக்கும் சூடு வந்தபிறகுதான். கொதிக்கும் தகட்டில் தண்ணீர் நொடியில் காய்ந்துவிடும். எச்சத்தை இன்னும் பெரிய வட்டமாகப் பரப்பிவிடும்.

இன்னொன்று. துடைக்க வருபவரை யாரும் குறை சொல்லவில்லை என்பதைப் பார்த்தேன். மனத்துக்கு நிறைவாக இருந்தது. அவருக்கு ஒரு வாளித் தண்ணீரில் பதினைந்து வண்டி துடைத்தாக வேண்டும். உங்கள் வண்டிக்கு மட்டும் தனித் துணி இரண்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, "அண்ணே, எச்சம் இருந்தால் தேய்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றி மட்டும் விட்டுவிடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வேலை குறைகிறது என்று அவரும் மகிழ்வார்.


தாம்பரம் தினப்பயணி
செவ்வாய், காலை 9.15

மதுரை அண்ணன் சொல்வது வண்டியின் பக்கத்திலேயே இருப்பவர்களுக்குப் பொருந்தும். நான் காலை ஏழரைக்கு ரயில் நிலையத்தில் நிறுத்தினால் இரவு எட்டு மணிக்குத்தான் எடுக்கிறேன். பகல் முழுவதும் வெயிலில் கிடக்கும். என்னைப் போன்றவர்களுக்கு உறை ஒன்றுதான் வழி என்று நினைக்கிறேன். வீட்டில் கழுவும்போது ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்காமல் காருக்குப் பயன்படுத்துகிறேன். அதையும் எல்லோரும் செய்யலாம்.


ஓய்வுபெற்ற வேதியியலர்
செவ்வாய், காலை 9.40

அம்மா, தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் மிக நல்லது. ஆனால் காருக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரம் நல்ல நீரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, உப்புகளையெல்லாம் கழிவுநீரில் சேர்த்துத் தள்ளுகிறது. தாம்பரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் ஏற்கெனவே கடினமானது. கழிவுநீர் அதைவிடக் கடினமாகிவிடும். வெயிலில் துளி காய்ந்தால் வெள்ளை வளையம் விழும். அந்த வளையமும் நாளடைவில் கிளியர் கோட்டைக் கெடுக்கும். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

காருக்கு ஏசியிலிருந்து சொட்டும் நீர் நல்லது. காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் உப்பு ஏறக்குறைய இருக்காது. தூசிக்காகத் துணியில் வடிகட்டிக்கொண்டால் கடைசி அலசலுக்கு மிகப் பொருத்தம். எச்சத்தை ஊற வைக்கும் பாட்டிலிலும் அதையே நிரப்பலாம்.


கோவைமெருகு
செவ்வாய், பிற்பகல் 2.30

உறையைப் பற்றி. நல்ல எண்ணத்தில் உறை போட்டு வண்டியைக் கெடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வருபவர்கள் உண்டு. தூசி படிந்த வண்டியின் மேல் உறையை இழுத்துப் போடும்போது ஒரு முறை கீறுகிறது. காற்றில் படபடக்கும்போது நாள் முழுவதும் கீறுகிறது. ஈரத்தோடு மூடினால் உள்ளே புழுங்கி, பழைய வண்டிகளில் பெயிண்ட் கொப்பளிக்கவும் செய்யும். தினமும் எடுத்துப் போடுபவர்களுக்கு முழு உறை சரிப்படாது. ஊருக்குப் போகும்போது, கழுவிக் காயவைத்த வண்டியின் மேல், உட்புறம் மென்மையான துணியுள்ள உறையைப் போட்டு, அடியில் வாரால் இறுக்கிக் கட்டினால் அது உதவும். உறையின் மேல் எச்சம் விழுந்தால் உறையையும் துவைக்க வேண்டும். கொக்கு எச்சம் நீர்த்தது. மெல்லிய துணியில் ஊறி உள்ளே இறங்கிவிடும்.


அடுக்ககச் செயலர்
செவ்வாய், இரவு 8.00

இவ்வளவு பேசுகிறீர்கள், மூலகாரணத்தை யாரும் தொடவில்லை. கிளையை வெட்டிவிட்டால் பறவை எங்கே உட்காரும்? எங்கள் குடியிருப்பில் மழைக்கு முன்பு கிளை கழிக்க மாநகராட்சிக்கு மனு கொடுத்தோம், கழித்தார்கள். கடலோரக்காற்று நண்பரும் மனு கொடுக்கலாம். இல்லையென்றால் பட்டாசு வெடித்துக் கலைக்கலாம்.


வக்காநோக்கி
செவ்வாய், இரவு 9.25

பட்டாசு என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 14 ஆண்டுகளாகச் சென்னையில் பறவைகளைக் கவனித்து வருகிறேன்.

கடலோரக்காற்று, உங்கள் மரத்தில் இருப்பவை காகங்களாக இருக்காது என்று நினைக்கிறேன். சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியதுபோல் என்று எழுதியிருக்கிறீர்கள். அடையாற்றங்கரை, தூங்குமூஞ்சி மரம், ஜனவரி மாதம்: இவை மூன்றும் சேர்ந்தால் கொக்கு இனத்து வக்காவாகவோ மடையானாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். மீன் தின்னும் பறவையின் எச்சம் நிறைய வெள்ளையாக, நீர்த்து, அகலமாகச் சிதறும். மீன் வாடையும் வரும். காகத்தின் எச்சம் சிறிது, கெட்டி, எதைத் தின்றதோ அந்த நிறம். ஆனி, ஆடியில் நாவல் பழுக்கும்போது குயிலும் மைனாவும் ஊதா நிறத்தில் விடும். வெள்ளை வண்டிக்காரர்கள் தவிப்பது அப்போதுதான். காலையில் பழுப்புச் சிதறலும் மென்று துப்பிய நார் உருண்டையும் கிடந்தால் அது பறவையே இல்லை, பழந்தின்னி வௌவால். நெட்டிலிங்க மரத்தடியில் நிறுத்துபவர்கள் அதை நன்றாக அறிவார்கள்.

நாளை மாலை இருட்டும் நேரத்தில் மரத்தடியில் நின்று பாருங்கள். "குவாக்" என்று தொண்டையால் ஒலி எழுப்பிக்கொண்டு ஒவ்வொன்றாக ஆற்றை நோக்கிப் பறந்தால் வக்கா. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு கூடு கட்டி இந்த மாதங்களில் குஞ்சு வளர்ப்பவை அவை. கூடு இருக்கிறது என்றால் அந்தக் கிளையை இப்போது தொடவே கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதை "வேட்டை" என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. செயலர் ஐயா, சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் பட்டாசுச் சத்தத்தில் குஞ்சுகள் கூட்டிலிருந்து விழும். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் அங்கே வந்து தங்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கலில் இதே எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. அந்த ஊரார் தலைமுறைகளாகப் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள்.

பறவைகளின் பழக்கம் தெரிந்தால் வண்டியையும் காக்கலாம். கூட்டுக்கு நேர் கீழே, குறிப்பாகக் குஞ்சுகள் இருக்கும்போது, பகல் முழுவதும் விழும். மரத்தடி முழுவதும் ஒரே அளவில் விழுவதில்லை. தரையைப் பாருங்கள். வெள்ளைத் திட்டுகள் எங்கே அடர்த்தியோ அதற்கு நேர் மேலே கூடு. பல வேளைகளில் வண்டியை நான்கடி நகர்த்தினாலே பாதி குறைந்துவிடும்.

பக்கக் கண்ணாடியின் கீழ்க் கதவில் மட்டும் தினமும் எச்சம் வழிந்திருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். தேன்சிட்டோ குண்டுக்கரிச்சானோ தன் உருவத்தைக் கண்ணாடியில் பார்த்துப் போட்டிப் பறவை என்று எண்ணிச் சண்டை போடுகிறது. கண்ணாடியை மடக்கிவிட்டாலோ ஒரு துணிப்பையை மாட்டிவிட்டாலோ நின்றுவிடும். மொட்டைமாடிச் சுவரில் காகத்துக்குச் சோறு வைப்பவர்கள் தட்டை வண்டி நிற்காத பக்கத்துக்கு மாற்றிவைக்கலாம். பொம்மை ஆந்தை, தொங்கும் குறுந்தகடு எல்லாம் சில நாள்தான். காகம் ஆந்தையின் தலையிலேயே உட்காரப் பழகிவிடும்.


அடுக்ககச் செயலர்
செவ்வாய், இரவு 10.10

கூடு இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை, அம்மா. பட்டாசு என்று எழுதியது தவறு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கள் மரத்தில் கழித்தது ஆகஸ்டில். அப்போது கூடு எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்த முறை பார்த்துவிட்டு மனு கொடுப்போம்.


ஈசூன்வாசி
புதன், காலை 6.50

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே மாலையானால் சாவக மைனாக்கள் கூட்டம் கூட்டமாகச் சாலையோர மரங்களில் அடையும். அந்த வரிசையில் யாரும் மாலைக்குப் பிறகு நிறுத்த மாட்டோம். அடுக்குமாடி நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவோம். அது எல்லோருக்கும் வாய்க்காது என்பது தெரியும். நான் கேட்க வந்தது வேறு. செராமிக் கோட்டிங் போட்டால் எச்சம் ஒன்றும் செய்யாது என்று விற்கிறார்களே, உண்மையா?


கோவைமெருகு
புதன், காலை 10.20

அந்தப் பூச்சைப் போட்டுச் சம்பாதிப்பவன் நான். அதனாலேயே தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு: "ஒன்றும் செய்யாது" என்பது பொய்.

செராமிக் பூச்சு காய்ந்தபின் ஒன்று இரண்டு மைக்ரான் தேறினால் அதிகம். அதன் மேல் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடும். எச்சமும் பிடித்துக்கொள்ளாமல் எளிதாக வந்துவிடும். இவை உண்மையான நன்மைகள். ஆனால் வெப்பம் அதன் வழியாக இறங்கத்தான் செய்யும். அடியில் கிளியர் கோட் இளகத்தான் செய்யும். நிழலில் அரைநாள் தாங்கும் இடத்தில் ஒருநாள் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் தாங்காது. "9எச் கடினம்" என்று அட்டையில் போட்டிருப்பது பென்சில் கூரால் கீறிப் பார்க்கும் அளவுகோலின் உச்சி. வைரத்தின் கடினம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

மெழுகும் அப்படித்தான். கார்னௌபா மெழுகு பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. 80 டிகிரிக்கு மேல் உருகும் என்றாலும் நம் வெயிலில் சில வாரங்களில் தேய்ந்துவிடும். மாதம் ஒருமுறை கையால் போடப் பொறுமை இருந்தால் குறைந்த செலவில் அதுவே போதும். பாலிமர் சீலன்ட் என்னும் செயற்கைப் பூச்சு சில மாதங்கள் நிற்கும்.

உண்மையில் தடுப்பது பி.பி.எஃப். என்னும் பாதுகாப்புப் படலம். பாலியூரித்தேன், 150 முதல் 200 மைக்ரான் தடிமன். உங்கள் மொத்தப் பெயிண்டையும்விடத் தடிமன். எச்சம் அதையும் கறையாக்கும். ஆனால் கெடுவது படலம், பெயிண்ட் அன்று. முழு வண்டிக்கும் ஒட்டினால் செலவு லட்சத்தைத் தாண்டும். மரத்தடியில் நிறுத்தியே ஆக வேண்டியவர்களுக்கு நான் சொல்வது: பானெட்டுக்கும் கூரைக்கும் மட்டும் ஒட்டுங்கள். கதவுகளில் விழுவது வழிந்து போய்விடும். படுக்கையாக இருக்கும் தகடுகள்தான் வெயிலையும் வாங்குகின்றன, எச்சத்தையும் வாங்குகின்றன. தழும்பைச் சரிசெய்த பிறகே ஒட்ட வேண்டும், இல்லையென்றால் அது உள்ளே சிறைப்பட்டுவிடும்.


ஓய்வுபெற்ற வேதியியலர்
புதன், காலை 11.00

இவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் நான் வழிமொழிகிறேன். விற்பவர் ஒருவரே இவ்வளவு திறந்து சொல்வது அரிது.

மெருகு போடுவதற்கு முன்பு, கடலோரக்காற்று, தடிமன் அளவிடும் கருவி உள்ள பட்டறையாகப் பாருங்கள். அந்தக் கருவி மொத்தத் தடிமனைத்தான் காட்டும். கிளியர் கோட் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. வண்டியின் பல இடங்களில் அளந்து ஒப்பிட்டுத்தான் ஊகிக்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி வேலை செய்யாது. ஒருமுறை இயந்திர மெருகு ஒன்றிலிருந்து மூன்று மைக்ரான் வரை எடுத்துவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் கிளியர் கோட்டில்தான் கலந்திருக்கிறது. அதை அதிகம் மெலிய வைத்தால் இன்று பளபளக்கும். சில ஆண்டுகளில் வெளுத்து உரியத் தொடங்கும். ஆழமான தழும்பை முழுதும் துரத்த வேண்டாம். பாதி ஆழத்தில் நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

காய்ந்த எச்சத்தை உலர்வாகச் சுரண்டுபவர்கள் அதன் தூளை மூச்சில் இழுக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். புறா எச்சத்தில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகள் இருப்பதுண்டு. நனைத்து எடுத்தால் தூள் பறக்காது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.


கடலோரக்காற்று
மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 6.40

நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வக்காதான். அம்மா சொன்ன மறுநாள் மாலையே நின்று பார்த்தேன். ஆறே முக்காலுக்கு ஒவ்வொன்றாகக் கிளம்பின. மூன்று கூடுகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து குஞ்சுகளின் சத்தம் இடைவிடாமல் வருகிறது. தரையில் வெள்ளைத் திட்டுகளைப் பார்த்து, எதிர்வீட்டுக்காரரிடம் பேசி, வண்டியை அவர்கள் வாசல் பக்கமாக ஆறடி தள்ளி நிறுத்துகிறேன். பின்பக்கம் மட்டும் இன்னும் மரத்தடிக்குள் இருக்கிறது. முன்பு காலையில் எண்ணினால் பத்துப் பன்னிரண்டு இருக்கும். இப்போது இரண்டு மூன்று.

போன வாரம் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பானெட்டில் அளந்தபோது 108 முதல் 116 மைக்ரான் வரை காட்டியது. பெயிண்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டியால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, மெல்லிய பாலிஷிலிருந்து தொடங்கினார்கள். நகம் தட்டாத ஐந்தில் நான்கு முழுதாகப் போய்விட்டன. அதில் இரண்டு, பாலிஷுக்கு முன்பு சூடான காற்றுக் காட்டியபோதே கண்ணெதிரே மங்கின. வேதியியலர் ஐயா சொன்ன அச்சு வகை அவைதான் என்று புரிந்துகொண்டேன். ஐந்தாவது தேடிப் பார்த்தால் தெரியும். நகம் தட்டிய இரண்டில் ஒன்றின் விளிம்பு மழுங்கிவிட்டது. மற்றொன்றில் நான்கு மைக்ரான் எடுத்த பிறகு இதற்கு மேல் வேண்டாம் என்று நானே நிறுத்திவிட்டேன். மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் போய்விட்டன. பானெட்டுக்கு மட்டும் பி.பி.எஃப். ஒட்டச் சொல்லியிருக்கிறேன், கூரைக்கு மாதம் ஒருமுறை மெழுகு நானே போடுகிறேன்.

துடைக்க வருபவரிடம் மதுரை அண்ணன் சொன்னபடியே பேசினேன். துணிகளை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு மணியடித்து, "சார், கூரையில் ஒன்று விழுந்திருக்கிறது, ஈரத் துணி போட்டு வைத்திருக்கிறேன், வெயில் வருவதற்குள் எடுத்துவிடுங்கள்" என்றார். இப்போது மற்ற வண்டிகளுக்கும் அப்படித்தான் செய்கிறார்.


வாடகைவண்டி மதுரை
சனி, இரவு 10.30

படித்ததும் மகிழ்ச்சி. கதவில் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டீர்களா, தம்பி?


கடலோரக்காற்று
சனி, இரவு 10.42

வைத்துவிட்டேன் அண்ணா. ஏசித் தண்ணீர், வடிகட்டியது.


வக்காநோக்கி
ஞாயிறு, காலை 7.05

குஞ்சுகள் பறந்து போனதும் ஒரு வரி எழுதுங்கள். கூட்டின் படம் எடுத்தால் தரையில் நின்றே எடுங்கள், மாடியிலிருந்து கிட்டத்தில் போக வேண்டாம்.